கூட யாரு வந்திருக்கா?

இந்தச் சேருக்கு ஆள் உண்டுமா? இல்லையா? அப்பம் உக்காந்துகிடுதேன். அந்தப் பையக் கொஞ்சம் உங்க பக்கமா இழுத்துக்கிடுங்க. முதுகுக்குச் சாய்மானம் இல்லாம என்னால உக்கார முடியாது, டிஸ்க்கு போன ஆளு.

உள்ள யாரு, வீட்டுக்காரரா? என்ன ஆப்பரேஷன்? ஹெர்னியாவா? அட, அதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கிய! அதெல்லாம் இப்பம் பல்லுப் புடுங்குத மாதிரி. பிளாஸ்குல என்ன, காப்பியா? அவருக்குக் குடுத்திராதீங்க. வெளிய கொண்டாந்த பெறவு நர்ஸு சொன்னாத்தான் வாயில எதும் வைக்கணும். நீங்க குடிங்க, குடிங்க. எனக்கு வேண்டாம். நான் தண்ணி கூடத் தொடக்கூடாது. எனக்கு இன்னைக்கு ஆப்பரேஷன்.

ஆமா, எனக்குத்தான். என்ன அப்படிப் பாக்கிய? நோயாளி மாதிரி தெரியலையா? நான் நர்ஸுக்கா. நோயாளி மாதிரி உக்காரத் தெரியாது எனக்கு.

கர்ப்பப்பைய எடுக்கணும். உள்ள ஒரு கட்டி கெடக்கு. என்ன கட்டின்னு எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியுமாம். ரத்தம் போயிப் போயி ஆளு வெளுத்துட்டேன், இதப் பாருங்க, நகத்துல செவப்பே இல்ல. மத்தியானம் தியேட்டர். மயக்க டாக்டர் பாத்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, எல்லாம் ரெடி. அந்தக் கவுண்டர்ல ஊதாச் சுடிதார் போட்டுக்கிட்டு ஒரு பிள்ள இருக்குல்லா, அதுதான் உயிர வாங்குது. "மேடம், உங்க கூட யாரு வந்திருக்கா?"ங்கு. கூட ஆள் இல்லாம உள்ள விடமாட்டாவளாம். கையெழுத்துப் போட ஒரு ஆளு, ரத்தம் வேணும்னா ஓட ஒரு ஆளு, வெளிய உக்காந்திருக்க ஒரு ஆளு. போன மாசமும் இதே பாட்டுதான். ஆள் இல்லன்னு தேதியத் தள்ளிவச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. இந்தத் தடவ டாக்டரம்மா சொல்லிட்டா, "இனியும் தள்ளிப்போட்டா நான் பொறுப்பு இல்லை சிஸ்டர்"னு.

"மக வாரா, வந்துக்கிட்டே இருக்கா"ன்னு சொல்லி வச்சிருக்கேன். வரமாட்டா. நான் கூப்பிட்டாத்தான வாறதுக்கு? கூப்பிட மாட்டேன். பெரிய டாக்டர் இந்த வழியா வந்தா நானே பேசிக்கிடுவேன். நர்ஸுன்னா ஒரு மரியாத உண்டும்லா. நானே கையெழுத்துப் போடுதேன், நானே எந்திரிச்சு நடந்துக்கிடுதேன், உங்களுக்கு என்னன்னு கேப்பேன்.

என்னத்தச் சிரிக்கிய? என் குணமே அதான். இந்த டிஸ்க்கு எப்படிப் போச்சுன்னு நெனைக்கிய? வார்டுல ஒரு ஆளு, பாரவண்டி மாதிரி உடம்பு. படுக்கப் புண்ணு வரக்கூடாதுன்னா திருப்பித் திருப்பிப் போடணும். அதுக்கு ரெண்டு பேரு வேணும். "சிஸ்டர், அஞ்சு நிமிசம் நில்லுங்க, வாரேன்"னா இன்னொருத்தி. நான் ஏன் நிக்கணும்? ஒத்த ஆளாத் திருப்பினேன். அந்த ஆளு நல்லாத் திரும்பிட்டாரு. நான்தான் நிமிர முடியல. அன்னைக்கு வார்ட விட்டு ஸ்ட்ரெச்சர்ல போனவதான்.

படுக்கப் பக்கத்துல நிக்க முடியாத நர்ஸு என்ன செய்வா? சனங்க நெனைக்கும், வீட்டுல உக்காந்து உளுந்து பொறுக்குவான்னு. அப்படிக் கெடையாதுக்கா. ஆயிரத்தெட்டு வேல கெடக்கு. என் கூடப் படிச்ச செல்வஜோதி கொடைக்கானல்ல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல நர்ஸு. காய்ச்சல், மூக்குல ரத்தம், அம்மா ஞாபகம் வந்தா வாற வயித்துவலி, இதுதான் அவளுக்கு வேல. மலருன்னு ஒருத்தி இன்சூரன்ஸ் ஆபீசுல இருக்கா. ஆஸ்பத்திரி அனுப்புத பில்லப் பாத்து, "இந்த நோவுக்கு எதுக்கு இத்தன நாளு பெட்டு"ன்னு கேக்கணும். டாக்டருமாரெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லுதாவ, பாத்துக்கிடுங்க! எனக்கு எங்க ஆஸ்பத்திரியிலேயே இன்னொண்ணு சொன்னாவ. வார்டு வார்டாப் போயி டாக்டரும் நர்ஸும் ஒழுங்காக் கை கழுவுதாவளான்னு பாக்கணும், கழுவலன்னா அதட்டணும். எனக்குன்னே செஞ்ச வேல. ஆனா நாள் பூரா நடக்கணுமே, முதுகு கேக்காதே. பாடம் எடுக்கலாம்னா மேல்படிப்பு கேக்காவ. நான் பழைய டிப்ளமோ.

கடைசியா ஒண்ணு இருக்கு, மெடிக்கல் கோடிங்கு. அதப்பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. என் மக செய்யுதா.

பியூலா. என் மக பேரு பியூலா. நாலு வருஷம் நர்ஸிங் காலேஜுல சேத்துப் படிக்க வச்சேன். அவ அப்பா அப்பமே போயிட்டாவ, ஒத்தையில நின்னு படிக்க வச்சேன். முடிச்சிட்டு வார்டுக்கு வருவா, எனக்குப் பக்கத்துல நிப்பான்னு பாத்தா, கம்ப்யூட்டர் முன்னால போயி உக்காந்துட்டா. அமெரிக்காவுல எவனுக்கோ கால் ஒடஞ்சா, அது இன்ன நம்பருன்னு இங்க இருந்து போடணுமாம். ஒடஞ்சவன் மூஞ்சி தெரியாது. "நோயாளியத் தொடாதவ நர்ஸாட்டி? நம்பர் போடுத கணக்கப்பிள்ளைக்கு எதுக்குட்டி நர்ஸு படிப்பு?"ன்னு கேட்டேன். அவ கலியாணத்துல, சம்பந்தக்காரங்க முன்னாலேயே கேட்டேன். மனசுல பட்டதச் சொல்லிருவேன், ஒளிச்சுப் பேசத் தெரியாது. அவ சேலை மடிப்பச் சரி பண்ணிக்கிட்டு நின்னா.

அடுத்த வருஷம்தான் எனக்கு முதுகு போனது. நீங்க என்ன நெனைக்கிய, தெரியுது. நான் இப்பம் பாக்குத வேல அந்த மாதிரி இல்லக்கா. நான் போன் நர்ஸு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போன நோயாளிகளுக்குப் போன் போட்டு எப்படி இருக்காவன்னு கேக்கணும். தையல் காஞ்சுட்டா, காய்ச்சல் உண்டுமா, மாத்திர நேரத்துக்குப் போடுதாவளா. ஏதும் சரியில்லன்னா டாக்டருக்குத் தகவல் அனுப்பணும். பல ஆஸ்பத்திரிக்கு எங்க கம்பெனிதான் இந்த வேலையச் செஞ்சு குடுக்கு. தொடலதான். ஆனா பேசுதேன்லா? பேசுதது தொட்ட மாதிரிதான்.

போனுல என் பேரு ரம்யா. பாக்கியசீலின்னா நீளமா இருக்காம், வாயில நொழையாதாம். "வணக்கம், உங்கள் மருத்துவமனை சார்பா ரம்யா பேசுறேன்" — பாத்தியளா, குரல் எப்படி மாறுதுன்னு? சிரிச்சுக்கிட்டே பேசணும். நம்ம சிரிக்கது அவங்களுக்குத் தெரியுமாம். வீட்டுல ஒத்தையில உக்காந்து சொவத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பேன், யாராவது பாத்தா லூசுன்னு நெனைப்பாவ. வேலூர்ல முட்டி மாத்தின ஒரு பெரியவரு, "ரம்யா, உனக்குக் கலியாணம் ஆயிட்டாம்மா? எங்க அக்கா பேரன் ஒருத்தன் இருக்கான்"னாரு! சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு. அன்னைக்கு அதச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆளு இல்ல. சவத்த விடுங்க.

ஒரு ஆளுக்கு மூணு போன் கால்தான். மூணாவதுல, "நலமாக இருங்கள்"னு முடிச்சிரணும். அதுக்கப்புறம் அந்த நம்பர் நமக்கு வராது. அந்தப் பெரியவரு முட்டி நடந்துச்சா, மடங்குச்சான்னு இந்த நாள் வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்படி எத்தன பேரு! எல்லாரும் "மவராசியா இரு தாயி"ன்னு வாழ்த்திட்டுப் போனவங்க.

வீட்டுல இருந்தே வேல. அதுக்கு முக்கியம் அமைதி. பேசுததப் பூரா பதிவு பண்ணி ஒரு பிள்ள கேட்டு மார்க்குப் போடும். நாய் கொரைச்சா மார்க்கு போச்சு, குக்கர் விசில் அடிச்சா மார்க்கு போச்சு. கடிகாரத்தக் கழத்தி அடுக்களையில வச்சேன். கூரியர்காரன், பூக்காரி, சர்ச்சுல இருந்து ஜெபிக்க வாற அம்மாமாரு, எல்லாருக்கும் சொல்லிட்டேன், பெல்லு அடிக்காதிய, கதவத் தட்டாதியன்னு. இப்பம் யாரும் பெல்லு அடிக்கது இல்ல. நல்ல அமைதி. பஞ்சுல பொதிஞ்சு வச்ச மாதிரி இருக்கும்.

இதுக்கு நடுவுலதான் பியூலா பிரசவத்துக்கு வந்தா.

தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான? அத விட்டுக்குடுக்க முடியுமா? "உங்க வீடு சின்ன வீடு, நீங்களும் வேலை பாக்குற ஆளு, இங்கேயே இருக்கட்டுமே"ன்னு சம்பந்தக்காரி இழுத்தா. எம்மவளுக்கு நான் பாக்காம எவ பாப்பான்னு கூட்டிட்டு வந்தேன். பிள்ள வயித்தக் கீறித்தான் பொறந்தான். ஆம்பளப் பிள்ள, நல்ல நெறம், தல நெறைய முடி. வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. ஒரு ஹாலு, ஒரு ரூமு. ஹாலுல நான், எனக்கு அங்கதான் லைன் கிடைக்கும். ரூமுல அவ, பிள்ள.

என்ன குறை வச்சேன் சொல்லுங்க? விடியுமுன்ன எந்திரிச்சு பூண்டு வதக்கி, கருப்பட்டி போட்டு மருந்து கிண்டி, பால் ஊறட்டும்னு சுறாப் புட்டு வச்சு, பிள்ளையக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, எல்லாத்தையும் தட்டுல மூடி அவ கட்டிலு பக்கத்துல வச்சிட்டுத்தான் காதுல மாட்டுவேன். மாட்டினா சாயங்காலம் வரைக்கும் கழத்த முடியாது. நடுவுல சாப்பிடக் கொஞ்சம் நேரம் விடுவாவ. அவ்வளவுதான்.

பிள்ள அழுதான். பிள்ளன்னா அழத்தான் செய்வான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த மார்க்குப் போடுத பிள்ள எழுதிட்டு, "பின்னணியில் குழந்தை சத்தம்"னு. ஒரு தடவ இல்ல. பெரிய மேடம் கூப்பிட்டு, "இப்படி இருந்தா வேற ஆளத்தான் பாக்கணும்"னா. அதனால கதவ மூடச் சொன்னேன். கீழ இடுக்கு வழியா சத்தம் வருதுன்னு துண்ட மடிச்சுச் சொருகினேன். "பால் குடுத்துக்கிட்டே இருட்டி, அழ விடாத"ன்னேன். அவ கதவத் தொறக்கும்போது நான் கையத் தூக்கினா வெளிய வரக்கூடாது. தண்ணி வேணும்னா போனுல மெசேஜ் போடணும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மெசேஜ்! அவதான் அப்படி ஆரம்பிச்சா. "அம்மா தண்ணி", "அம்மா குளிருது", "அம்மா ஒரு நிமிசம் வா". நான் சாப்பாட்டு நேரத்துல பாப்பேன், பாத்து எடுத்துக் குடுப்பேன். குடுக்காம இருந்தேன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்.

அன்னைக்கு ஒரு கால் முடிச்சேன். அடுத்தது தானா வரும், நம்ம தேடிப் போட வேண்டாம். ஸ்கிரீன்ல பேரு வருது, பியூலா. ஊருல எத்தன பியூலா இல்லன்னு பாத்தா, கீழ நம்பரு அவ நம்பரு. சிசேரியன், முதல் வாரத்துக் கால். அவ பிரசவம் பாத்த ஆஸ்பத்திரியும் எங்க கம்பெனிக்குத்தான் குடுத்திருக்கு. எனக்கு அது ஞாபகமே இல்ல.

வந்த கால விடக்கூடாது. விட்டா எதுக்கு விட்டன்னு கேப்பாவ. ரூமுக்குள்ள அவ போன் அடிக்கது எனக்கு இங்க கேக்கு. சிரிப்பு வந்துட்டு எனக்கு. நல்ல வேடிக்கைதான், முடிச்சிட்டு உள்ள போயி ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

எடுத்தா. "வணக்கம், உங்கள் மருத்துவமனை சார்பா ரம்யா பேசுறேன்." சொன்னேன். எங்குரல் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கதவு வழியா ஒரு பக்கம், போன் வழியா ஒரு பக்கம் கேக்கும்லா? "சொல்லுங்க சிஸ்டர்"ங்கா.

"காய்ச்சல் ஏதும் இருக்காம்மா?" "ரெண்டு நாளா இருக்கு சிஸ்டர்." "தையல் போட்ட இடம் எப்படி இருக்கு?" "செவந்திருக்கு, தண்ணியா வருது, துணி ஒட்டுது." "தூங்குறீங்களா?" "இல்ல சிஸ்டர்." அப்புறம் அந்தக் கேள்வி. அதக் கண்டிப்பாக் கேக்கணும், விட முடியாது. "வீட்ல உங்களப் பாத்துக்கிட கூட யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல சிஸ்டர்"னா.

கேட்டியளாக்கா? ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன். கருப்பட்டி கிண்டின கை இன்னும் மணக்கு. யாரும் இல்லங்கா! அதுவும் பதிவு ஆகுத லைன்ல! எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா நான் வேலையில குறை வைக்கல. "கவலப்படாதீங்கம்மா, உங்க விவரத்த டாக்டருக்கு அனுப்புறேன், இப்பவே உங்களக் கூப்பிடுவாங்க"ன்னு சொல்லி, அவசரம்னு குறிச்சு அனுப்பினேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். வச்ச கையோட அடுத்தது வந்துட்டு, ஆரணியில ஒரு கண்ணு ஆப்பரேஷன். அத எடுத்தேன். அதுக்கு அடுத்ததும் எடுத்தேன். லைன் திறந்து கெடக்கும்போது எப்படிக்கா எந்திரிக்க?

சாப்பாட்டு நேரம் வந்த ஒடனே ஓடுதேன். அதுக்குள்ள டாக்டரு பேசி, ஒடனே வரச் சொல்லி, அவ புருசனக் கூப்பிட்டு, பைய எடுத்து வச்சு, பிள்ளையத் துணியில சுத்தி ரெடியா உக்காந்திருக்கா. நெத்தியத் தொட்டேன், கொதிக்கு. "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"ன்னேன். "சொன்னேனே சிஸ்டர்"ங்கா. சிஸ்டராம்! பெத்தவளப் பாத்து!

போனவதான். ஆஸ்பத்திரியில வச்சுச் சரி பண்ணி, அப்படியே மாமியா வீட்டுக்குப் போயிட்டா. தாய் வீட்டுல மூணு மாசம் இருக்க வேண்டியவ. ஊரு என்ன பேசும்? நான் என்ன தப்பு செஞ்சேன்? என் போன் காலாலதான அவளுக்குச் சீழ் வச்சிருக்குன்னு கண்டுபிடிச்சாவ? நான் மட்டும் கேக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அதுக்கு ஒரு நன்றி உண்டுமா? பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாவ.

ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டா. எப்படி? வாட்ஸ்அப்புல ஒரு கார்டு. பெத்த தாய்க்கு, ஊருல உள்ளவளுக்கெல்லாம் அனுப்புத கார்டு! போகல நான். நேருல வந்து கூப்பிட்டிருந்தா போயிருப்பேன். அவளும் கேக்கல, ஏன் வரலன்னு. இப்பம் பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருக்கும். போட்டோவுல பாப்பேன், வாட்ஸ்அப்புல அவ பேருக்குப் பக்கத்துல வரும்லா, அதுல. அடிக்கடி மாத்துவா.

இன்னொரு கூத்தக் கேளுங்க. அந்தப் போன் காலுக்கு எனக்கு முழு மார்க்கு. கம்பெனியில புதுசா சேருத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாவ, கம்ப்யூட்டர்லதான், அவங்கவங்க வீட்டுல இருந்து. அதுல அந்தப் போன் பதிவத்தான் போட்டுக் காட்டுதாவ. "பாருங்க, ரம்யா மேடம் எவ்வளவு நிதானமா, அன்பா பேசுறாங்க, நோயாளி மனசத் திறந்து எல்லாத்தையும் சொல்றாங்க"ன்னு. எனக்குப் பெருமையா, என்னன்னே தெரியல. ஒரு பிள்ளைக்கும் தெரியாது அந்த நோயாளி யாருன்னு.

எப்பம் பாடம் நடந்தாலும் நான் போயி உக்காந்துகிடுவேன். யாரும் கூப்பிடது இல்ல, நானே கேட்டுப் போவேன். "நீங்க எதுக்கு மேடம், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே"ம்பாவ. சும்மா ஒரு துணைக்குன்னு சொல்லுவேன். அதுல அவ குரல் வரும்லாக்கா. "சொல்லுங்க சிஸ்டர்"னு. பின்னால பிள்ள முனகுதது கூட கேக்கும், நல்லாக் காது குடுத்தா. எங்கிட்ட வேற எங்கேயும் அந்தக் குரல் இல்ல.

இந்தத் தூசி, கண்ணக் கரிக்கு. ஏசியக் கழுவவே மாட்டாவ போல.

நான் ஒத்த ஆளா இருக்கேன்னு நெனைக்காதிய. நாள் பூரா பேசிக்கிட்டேதான் இருக்கேன். தமிழ்நாட்டுல எனக்குத் தெரியாத ஊரே கெடையாது. இந்த ஆப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனா, எனக்கும் ஒரு கால் வரும், பாத்துக்கிடுங்க. எங்க கம்பெனியில இருந்து எவளாவது ஒரு சின்னப் பிள்ள பேசும். நல்லாப் பேசுதாளான்னு நானும் மார்க்குப் போடுவேன்.

அக்கா, அந்தக் கவுண்டர் பிள்ள எந்திரிச்சு வருது. நம்மளப் பாத்துத்தான். நீங்க எங்க போறிய? உக்காருங்க, உக்காருங்க.

என்னம்மா? வந்துக்கிட்டு இருக்கா. டிராபிக்குல நிக்கா. என்னது? தியேட்டர்ல கேக்காவளா? ஆள் இல்லன்னா அடுத்த பேஷண்ட்ட எடுத்துருவாவளா? எம்மா, நான் நர்ஸும்மா, எனக்கு எதுக்கு ஆளு? ரூல்ஸா? நாங்க போட்ட ரூல்ஸுதாம்மா அது, எங்கிட்டயே சொல்லுதியே. இந்தா அக்கா இருக்காவ, இவிய... இல்ல, இவிய வேற பேஷண்ட்டுக்கு வந்தவங்க. நம்பரா? என் மக நம்பரா? நீங்களே பேசுவியளா?

இரு. எழுதிக்கோ.

குடுத்துட்டேன். என்ன செய்ய? தலைக்கு மேல வெள்ளம் போன பெறவு சாண் என்ன, முழம் என்ன. நான் கூப்பிடலக்கா, கேட்டியளா? ஆஸ்பத்திரி கூப்பிடுது. அது வேற, இது வேற. எடுக்க மாட்டா. இப்பம் வேலையில இருப்பா, எவனுக்கோ நம்பர் போட்டுக்கிட்டு. மாமியா எடுத்தாலும் எடுப்பா, எடுத்து ஒரு மாதிரிப் பேசுவா. அந்தப் பிள்ள கவுண்டருக்குப் போயாச்சு, போன் அடிக்காளா? அடிக்கா. என்னக்கா, எடுத்துட்டாளா? அந்தப் பிள்ள வாய் அசையுதே. "ஆமா மேடம், ஆமா மேடம்"ங்கு. அவ என்ன சொல்லுதான்னு கேக்க மாட்டேங்குதே. ஏம்மா, என்ன சொல்லுதா?

என்னையா? என்ன எதுக்கு?

கேட்டியளாக்கா திமிர! "அம்மாதான் என்னக் கூப்பிடச் சொன்னாங்களா? அப்படின்னா அவங்களே எங்கிட்டச் சொல்லட்டும்"னு சொல்லுதாளாம். இதுக்குத்தான் நான் நம்பரே குடுக்க மாட்டேன்னது. இவ்வளவு பேருக்கு முன்னால என்னக் கெஞ்ச வைக்கணும் அவளுக்கு. வச்சிரும்மா போன, எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் வீட்டுக்குப் போறேன்.

இல்ல. வைக்காத. வைக்காதம்மா, வாரேன்.

அக்கா, கொஞ்சம் எந்திரிச்சு வாங்களேன். அந்தக் கவுண்டர் வரைக்கும்தான். கையக் குடுங்க. ரத்தம் கம்மிக்கா, அதான். நான் என்னத்தச் சொல்ல அவகிட்ட? கையை விட்டுறாதிய.

ஹலோ. வணக்கம், உங்கள்... சே.

ஏட்டி, பியூலா. நான்தான். அம்மா.

ம். கர்ப்பப்பை. கட்டின்னாவ. தெரியல, எடுத்துப் பாத்தாத்தான் சொல்லுவாவளாம். போன மாசமே வந்தேன். யாருட்டச் சொல்ல? இல்லட்டி, ஆஸ்பத்திரியில இருந்து கேக்கல. நான்தான் குடுத்தேன் நம்பர. நான்தான் கூப்பிடச் சொன்னேன்.

பயமா இருக்குட்டி. ரொம்பப் பயமா இருக்கு. இல்ல, அழல. மூக்கடப்பு. நான் அன்னைக்கு அந்தக் கதவத் தொறந்திருக்கணும். தெரியும்ட்டி. தெரியாம இல்ல. வாறியாட்டி?

அக்கா, லைன்லதான் இருக்கா, மூச்சு கேக்கு. இருங்க, இருங்க, அங்க பிள்ள பேசுதான்! "யாரும்மா?"ன்னு கேக்கான். நல்லாப் பேசுதான்க்கா, தெளிவாப் பேசுதான். "ஆச்சிடா"ங்கா. "ஆச்சிடா, வா, சட்டையப் போடு"ங்கா.

சின்னப் பிள்ளைய வார்டுக்குள்ள விடமாட்டாவன்னு அவளுக்குத் தெரியாதா? நர்ஸுக்குப் படிச்சவ! ஏட்டி, இரு, வைக்காத. மெதுவா வா. வெளிய வெயிலு அடிக்கு, அவனுக்குத் தொப்பியப் போட்டுக் கூட்டிட்டு வா.